நடுக்கடலில் ஒரு பந்தி! "வேண்டியதை எடுத்துச் சாப்பிடு, பில் கிடையாது!"

ஆனால் ஒருவர் கை அழுக்கானால் கப்பலுக்கே வயிற்றுப்போக்கு!

உல்லாசக் கப்பல் சாப்பாட்டு மண்டபத்தில் நடப்பது என்ன?

(நமது நிருபர்)

சென்னை,

காலை 6 மணிக்குக் காபி, ரொட்டி. பிறகு டிபன். 12 மணிக்கு மதியச் சாப்பாடு. சாயங்காலம் 4 மணிக்குக் கேக், பிஸ்கெட், டீ. ராத்திரி பெரிய சாப்பாடு. அதற்குப் பிறகும் வயிறு காலியாக இருந்தால் நள்ளிரவில் பீட்சா!

சாப்பிட்டு முடித்தால் பில் வராது. தட்டை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். கண்ணில் பட்டதை எல்லாம் போட்டுக்கொள்ளலாம். தீர்ந்தால் மறுபடி போகலாம். "இத்தனை தடவையா?" என்று யாரும் முறைக்க மாட்டார்கள்.

இது மகாராஜா வீட்டுக் கல்யாணம் அல்ல. நடுக்கடலில் போகும் உல்லாசக் கப்பல்களில் தினமும் நடக்கும் "பஃபே" விருந்து!

சென்னை துறைமுகத்தில் இருந்தும் இப்படி ஒரு கப்பல் புறப்பட்டது. 2022-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பி வைத்தார். கப்பலின் பெயர் "எம்பிரஸ்". 11 அடுக்கு. 1990-ல் "நார்டிக் எம்பிரஸ்" என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல்தான் அது. மறு ஆண்டு ஜூன் 5-ந் தேதி அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்குப் பயணம் புறப்பட்டது.

சென்னைக்காரர்களுக்குக் கப்பல் புதிது அல்ல. "ரஜூலா", "சிதம்பரம்" என்ற பெயர்களைக் கேட்டால் பழைய ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ரஜூலா 1973 வரை ஓடியது. சிதம்பரம் 1985-ல் தீ விபத்துக்கு ஆளானது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களின் கப்பல்கள் அவை. இப்போது வருவதோ பொழுதைப் போக்கும் கப்பல். போகும் ஊரைவிடச் சாப்பாட்டுக்குத்தான் பேச்சு அதிகம்!

டீக்கடையில் ஒரு தர்க்கம்

கடற்கரை ரெயில் நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடை. மண்ணடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கும், ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவருக்கும் இதுபற்றித் தர்க்கம்.

"ஏன் சார், டிக்கெட்டுலயே சோறும் சேத்தின்னா கம்பெனிக்காரனுக்குக் கட்டுப்படியாகுமா? நம்ம ஆளுக பத்துப் பேரு ஏறுனா போண்டியாயிர மாட்டானா?" என்றார் அண்ணாச்சி.

"ஆக மாட்டான் அண்ணாச்சி. முதல் நாள் நீங்க மூணு தட்டு சாப்பிடுவீங்க. ரெண்டாம் நாள் ரெண்டு. மூணாம் நாள் மோர் சாதம் கிடைக்குமான்னு தேடுவீங்க. அவன் கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கான்" என்றார் குமாஸ்தா.

குமாஸ்தா சொன்னதில் விஷயம் இருக்கிறது. பஃபேயின் சூட்சுமமே அதுதான். ரொட்டி, சாதம், நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, சாலட் எல்லாம் குவிந்து கிடக்கும். விலை உயர்ந்த இறைச்சியை மட்டும் ஒரு சமையல்காரர் கத்தியோடு நின்று மெல்லிசாக வெட்டிக் கொடுப்பார். கண் நிறைந்துவிடும். வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியாத வியாபாரமா இது!

எது இலவசம்? எது காசு?

"இலவசம்" என்ற வார்த்தையைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. சாப்பாட்டுக் காசை டிக்கெட்டிலேயே வாங்கிவிடுகிறார்கள்.

பொதுவாக பஃபே சாப்பாடு, மேஜையில் உட்கார வைத்துப் பரிமாறும் பெரிய போஜன மண்டபம், தண்ணீர், சாதாரண டீ, காபி இவை டிக்கெட்டில் அடக்கம். சோடா, கலர், மதுபானம், தனி ஓட்டல்களில் சாப்பிடும் ஸ்பெஷல் அயிட்டங்கள் இவற்றுக்குத் தனிக் காசு. பணமாகக் கேட்க மாட்டார்கள். அறைச் சாவி அட்டையைத் தேய்த்துவிடுவார்கள். இறங்கும் நாளில்தான் கணக்குச் சீட்டு வரும். அப்போது தலை சுற்றும்!

வெளிநாட்டுக் கப்பல்கள் பலவற்றில் ஊழியர்களுக்கான "டிப்ஸ்" தொகையையும் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். நாளுக்கு 15 டாலருக்கு மேல் வசூலிக்கும் கம்பெனிகள் உண்டு. நாலு பேர் குடும்பம், ஏழு நாள் பயணம் என்றால் கூட்டிப் பாருங்கள்.

கோட்டு, டை வேண்டாம்

கப்பலில் ஏன் பஃபே வந்தது?

முன்பெல்லாம் கப்பல் சாப்பாடு என்றால் கெடுபிடி. முதல் பந்தி இத்தனை மணி, இரண்டாம் பந்தி இத்தனை மணி என்று ஒதுக்கீடு. உங்கள் மேஜை நம்பர் இது, பக்கத்தில் உட்காருபவர் இவர் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு, டை கட்ட வேண்டும்.

நீச்சல் குளத்தில் கிடப்பவர் ஈரத் துணியோடு அந்த மண்டபத்துக்குப் போக முடியுமா? அவர்களுக்காக மேல் தளத்தில், குளத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டை வரிசையாக வைத்தார்கள். அந்தத் தளத்துக்கு "லிடோ" என்று பெயர். வெனிஸ் நகரக் கடற்கரையின் பெயர் அது. செருப்புக் காலோடு, பனியன் சட்டையோடு வரலாம். பிடித்த நேரத்தில் வரலாம். பிடித்த இடத்தில் உட்காரலாம். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது.

2000-ம் ஆண்டில் "நார்வேஜியன்" கம்பெனி பந்தி நேரம், மேஜை ஒதுக்கீடு என்ற பழைய ஏற்பாட்டையே கைவிட்டது. மற்ற கம்பெனிகளும் தளர்த்தின. இன்று பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் பஃபே உண்டு. ஒரு கம்பெனியில் அதற்கு "விண்ட்ஜாமர்" என்று பெயர். இன்னொன்றில் "கார்டன் கபே". பெயர்தான் வேறு. தட்டு ஒன்றுதான்.

அடுப்பு உண்டு, தீ இல்லை!

தட்டில் விழும் கோழித் துண்டு எங்கிருந்து வருகிறது?

கப்பலின் அடித்தளத்தில் குளிர் அறைகள் இருக்கின்றன. இறைச்சிக்குத் தனி, மீனுக்குத் தனி, காய்கறிக்குத் தனி, பால் பொருளுக்குத் தனி. துறைமுகத்தில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் அடுத்த பயணம் முழுவதுக்கும் வேண்டிய சாமான்களை ஏற்றியாக வேண்டும். நடுக்கடலில் "வெங்காயம் தீர்ந்துபோச்சு" என்று எந்தக் கடைக்கு ஓடுவது?

சமையல் அறையில் அடுப்பு உண்டு. தீ ஜுவாலை இருக்காது. கப்பலுக்கு நெருப்புதான் பெரிய எமன். அதனால் பெரும்பாலும் மின்சார அடுப்புகள். சமைக்கவும் குடிக்கவும் வேண்டிய தண்ணீரைக் கடல்நீரில் இருந்தே உப்பைப் பிரித்துத் தயாரித்துக்கொள்கிறார்கள்.

பெரிய கப்பல் என்றால் ஒரு சிறு ஊர். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய "ஐகான் ஆப் தி சீஸ்" கப்பலில் அதிகபட்சம் 7 ஆயிரத்து 600 பயணிகள் ஏறலாம். ஊழியர்கள் 2 ஆயிரத்து 350 பேர். இத்தனை வாய்க்கும் மூன்று வேளை. கல்யாண சமையல்காரர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்!

எமன் கரண்டியில் வருகிறான்

இனிதான் விஷயமே இருக்கிறது.

ஆயிரம் பேர் சாப்பிடும் பஃபேயில் ஆயிரம் பேரும் தொடும் பொருள் எது? சோறு அல்ல. கரண்டிப் பிடி! இடுக்கி! பாத்திர மூடி! ஜூஸ் குழாய்!

கழிவறைக்குப் போய்க் கையைச் சரியாகக் கழுவாத ஒருவர் அந்த இடுக்கியைத் தொட்டால் போதும். பின்னால் வருபவர்கள் அத்தனை பேரும் அதே இடுக்கியைத் தொடுகிறார்கள். அதே கையால் ரொட்டியைப் பிய்த்து வாயில் போடுகிறார்கள்.

இப்படிப் பரவும் கிருமிகளில் பேர்போனது "நோரோ வைரஸ்". 1968-ல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூட்டமாக வாந்தி எடுத்தார்கள். அந்த ஊர்ப் பெயரே வைரசுக்குப் பெயர் ஆனது. 1972-ல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

உடம்பில் புகுந்த 12 மணி முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்று வலி. பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் சரியாகும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் உடம்பில் நீர் வற்றி ஆபத்தாகலாம்.

கையில் தடவிக்கொள்ளும் சாராய மருந்துக்கு இந்த வைரஸ் சரியாக மசியாது! சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 20 விநாடி தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

634 பேர் படுக்கையில்!

2014-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருந்து "எக்ஸ்புளோரர் ஆப் தி சீஸ்" என்ற கப்பல் 10 நாள் பயணம் புறப்பட்டது. கப்பலில் 3 ஆயிரத்து 71 பயணிகள்.

அவர்களில் 634 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு! ஊழியர்களில் 55 பேருக்கும் அதே கதி. நோரோ வைரஸ் வேலை. பயணத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டு கப்பல் திரும்பியது. உல்லாசத்துக்குக் காசு கட்டிப் போனவர்கள் அறைக்குள் படுத்துக் கிடந்தார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் பஃபேயின் தலையில் போடுவது நியாயம் அல்ல. லிப்ட் பொத்தான், மாடிப்படிக் கைப்பிடி, கழிவறைக் கதவு இவற்றின் வழியாகவும் பரவும். அமெரிக்காவில் பதிவாகும் நோரோ வைரஸ் சம்பவங்களில் கப்பலில் நடப்பது நூற்றுக்கு ஒன்று மட்டுமே என்று அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையம் சொல்லியிருக்கிறது. மற்றவை எல்லாம் தரையில்தான். கப்பலில் வந்தால் எண்ணிக் கணக்குக் காட்டியாக வேண்டும். தரையில் வந்தால் யார் எண்ணுகிறார்கள்?

100-க்கு 86 எடுத்தால்தான் பாஸ்

1975-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கப்பல்களின் சுகாதாரத்தைச் சோதிக்க ஒரு திட்டம் தொடங்கியது. பரீட்சைக்கு 100 மார்க். 86 வாங்கினால் பாஸ். 85 என்றால் பெயில்! சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏறுவார்கள். மார்க்கை ஊரறிய வெளியிடுவார்கள்.

அவர்கள் விதிகளில் சில:

சூடான பதார்த்தம் 57 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது. குளிர்ந்த பதார்த்தம் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சூட்டிலும் குளிரிலும் வைக்காமல் வெளியில் வைக்கும் பண்டத்தை 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் குப்பைக்குத்தான். வயிற்றுப்போக்கு கண்ட சமையல் ஊழியர், நோய் நின்று 48 மணி நேரம் ஆகும் வரை சமையல் கட்டுப் பக்கம் வரக் கூடாது. பயணிகளிலோ ஊழியர்களிலோ 100-க்கு 3 பேர் படுத்துவிட்டால் அந்தக் கப்பலின் பெயர் பொதுப் பட்டியலில் ஏறும்.

நோய் பரவுகிறது என்று தெரிந்தால், பயணிகள் கரண்டியைத் தொடுவதை நிறுத்திவிடுவார்கள். ஊழியர்களே கையுறை மாட்டிக்கொண்டு பரிமாறுவார்கள். நம்ம ஊர்ப் பந்தி முறைதான்! இலையில் ஒருவர் பரிமாற, மற்றவர் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தில் எவ்வளவு புத்திசாலித்தனம் இருக்கிறது பார்த்தீர்களா?

30 நிமிடத்தில் 10 பேர் கையிலும்!

2020-ல் கொரோனா வந்தபோது ஜப்பானின் என்.எச்.கே. ஒளிபரப்பு நிறுவனமும் நிபுணர்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். பஃபே மேஜை போட்டார்கள். 10 பேரைச் சாப்பிட விட்டார்கள். ஒருவர் கையில் மட்டும் ரகசியச் சாயம் பூசினார்கள். சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது. தனி விளக்கில்தான் ஒளிரும்.

30 நிமிடம் கழித்து விளக்கைப் போட்டார்கள். 10 பேரிடமும் சாயம்! 3 பேருக்கு முகத்திலேயே சாயம்! அதிகம் பரப்பிய பொருட்கள் பாத்திர மூடி, இடுக்கி, பானப் பாத்திரத்தின் கைப்பிடி.

யாரும் யாரையும் தொடவில்லை. சாப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

பரிமாறியவன் கதை

அதே 2020 பிப்ரவரியில் "டயமண்ட் பிரின்சஸ்" கப்பல் ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் மறிக்கப்பட்டது. கப்பலில் சுமார் 3 ஆயிரத்து 700 பேர். 700-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா வந்தது. இந்தியர்கள் மட்டும் 138 பேர். அவர்களில் 132 பேர் ஊழியர்கள்.

பயணிகள் அறைக்குள் பூட்டிக்கொண்டார்கள். பஃபே மூடப்பட்டது. ஆனால் சாப்பாடு போக வேண்டுமே? யார் கொண்டு போனது?

ஊழியர்கள்தான். அறை அறையாகக் கதவு தட்டிச் சாப்பாடு கொடுத்தார்கள். பிறகு அடித்தளத்துக்கு இறங்கி, பங்கு போட்டுக்கொண்ட சிறு அறைகளில் படுத்தார்கள்.

பிப்ரவரி 9-ந் தேதி வரை நோய் கண்ட ஊழியர்கள் 20 பேர். அவர்களில் 15 பேர் சாப்பாட்டுப் பிரிவு! 20 பேரில் 16 பேருடைய அறைகள் ஒரே தளத்தில், 3-வது தளத்தில் இருந்தன. ஊருக்குச் சோறு போட்டவன்தான் முதலில் படுத்தான்.

சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தப்படி ஒரு ஊழியரை 24 மணி நேரத்தில் 14 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் 72 மணிக்கு மேல் கூடாது. வேறொரு முறையில் ஓய்வு நேரத்தை வைத்தும் கணக்கிடலாம். அப்போதும் நாளுக்கு 10 மணி நேர ஓய்வாவது கொடுக்க வேண்டும். இதுதான் உச்சவரம்பு என்றால், வேலை எப்படி இருக்கும் என்று ஆபீஸ் நண்பர்கள் யோசித்துப் பார்க்கலாம். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காத ஆட்கள் அவர்கள். காலித் தட்டை எடுக்க வருபவரிடம் ஒரு புன்னகை, ஒரு "தேங்க்ஸ்". காசா, பணமா?

மிச்சம் எங்கே போகிறது?

"காசு கட்டியாச்சு" என்று மலைபோல அள்ளிப் போட்டுக்கொண்டு பாதியை வைத்துவிட்டு எழுந்திருப்பவர்கள் உண்டு. அந்த மிச்சத்தை அரைத்துக் கூழாக்குகிறார்கள். சர்வதேச விதிப்படி, 25 மில்லி மீட்டர் சல்லடையில் இறங்கும் அளவுக்கு அரைத்தால், கரையில் இருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் கடலில் விடலாம். அரைக்காதது என்றால் 12 கடல் மைலுக்கு அப்பால், அதாவது சுமார் 22 கிலோ மீட்டருக்கு அப்பால்தான். சில கடல் பகுதிகளில் விதி இன்னும் கடுமை. மற்ற குப்பையை, முக்கியமாகப் பிளாஸ்டிக்கை, எங்கேயும் கடலில் போடவே கூடாது.

அதனால்தான் சில கப்பல்களில் பெரிய டிரேக்களை எடுத்துவிட்டார்கள். கையில் தட்டு மட்டும். பிடிக்கிற அளவுதான் எடுக்க முடியும்!

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

கப்பல் ஏறும் முதல் நாள் மதியம்தான் பஃபேயில் கூட்டம் நெரியும். அறைகள் தயாராகும் வரை எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். கொஞ்சம் தாமதித்துப் போங்கள். அல்லது பெரிய மண்டபம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

வாசலில் கை கழுவும் தொட்டி இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். நார்வேஜியன் கப்பல்களில் "வாஷி வாஷி!" என்று பாட்டுப் பாடி ஊழியர் கூப்பிடுவார். தமாஷ் என்று சிரித்துவிட்டுப் போகாமல் கையை நீட்டுங்கள்.

தட்டு எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மறுபடி போவது வெட்கம் அல்ல. மறுபடி போகும்போது புதுத் தட்டு எடுங்கள். எச்சில் தட்டைக் கொண்டு போகாதீர்கள். கரண்டி அதில் படும்.

கரண்டியைத் தொட்ட கையால் ரொட்டியைப் பிய்க்காதீர்கள். எடுத்து வைத்துவிட்டு மறுபடி கை கழுவிச் சாப்பிடுங்கள். கையால் சாப்பிடும் நமக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

சூடாக இருக்க வேண்டியது ஆறிப்போயிருந்தால் தொடாதீர்கள். வயிறு சரியில்லை என்றால் மறைக்காமல் கப்பல் டாக்டரிடம் சொல்லுங்கள். அறையில் இருக்கச் சொல்வார்களே என்று பயந்து பஃபேக்குப் போனால், பாவம் ஊருக்கு.

கப்பல் ஏறாதவர்களுக்கும்...

கப்பல் ஏறுகிற வசதி எல்லோருக்கும் இல்லை. ஆனால் பஃபே இப்போது சென்னைக் கல்யாண மண்டபங்களுக்கே வந்துவிட்டது. வரவேற்புக்குப் போனால் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். அங்கே 57 டிகிரியை யார் பார்க்கிறார்கள்? 4 மணி நேரத்தை யார் எண்ணுகிறார்கள்? மார்க் போட யார் வருகிறார்கள்? அங்கே நமக்கு நாமே இன்ஸ்பெக்டர்!

டீக்கடைத் தர்க்கம் கடைசியில் இப்படி முடிந்தது.

"இவ்வளவு வில்லங்கம் இருக்கா சார்? அப்ப கப்பலே வேண்டாம், கைகழுவிடுறேன்" என்றார் அண்ணாச்சி.

குமாஸ்தா சிரித்தார்.

"கப்பலை ஏன் அண்ணாச்சி கைகழுவுறீங்க? கையைக் கழுவுங்க, போதும்!"